பூட்டுற டரெட்தான் வேணுமெண்டு ஆர் சொன்னது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ர விளையாட்டுப் பக்கத்தில போட்டிச் சுடுதல் பற்றி வந்த கட்டுரையை ஆறுதலா இருந்து வாசிச்சன். துவக்கு எண்டு சொன்னாலே வீட்டில பெரியாக்கள் கதையை மாத்திற ஊர் இது, அதில இப்பிடி ஒரு விளையாட்டுக்கு அரைப்பக்கம் ஒதுக்கினதுக்கு முதல்ல நன்றி சொல்லோணும். ஆனா எழுதின தம்பி (பேர் போடேல்ல, தம்பி எண்டுதான் நினைக்கிறன்) கடைசிப் பந்தியில போட்டிக்கு ஸ்கோப் (துவக்குக்கு மேல கொழுவுற, தூரத்தில உள்ளதைப் பெரிசாக்கிக் காட்டுற குழாய்) வாங்கிறவை லொக் பண்ணுற டரெட், அதாவது தானாத் திரும்பாமல் பூட்டி வைக்கிற குமிழ், இருக்கிறதைத்தான் வாங்கோணும், மற்றதெல்லாம் காசைக் கரியாக்கிற வேலை எண்ட மாதிரி ஒரே வெட்டா வெட்டிப்போட்டார். அது சரியில்லை. நான் கனடாவில இருந்த காலத்தில ரொறன்ரோவுக்கு வெளிய ஒரு கிளப்பில சுட்டுக்கொண்டு திரிஞ்சனான், இப்ப கோண்டாவில்ல வாழைக்குத் தண்ணி கட்டுறன், அதால இதை எழுத நேரமும் கிடக்கு.

அதுக்கு முதல் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையில ஒலிம்பிக்கையும் ஸ்கோப்பையும் ஒண்டாப் போட்டுக் குழப்பியிருக்கு. ஒலிம்பிக் ரைபிள் போட்டியில ஸ்கோப்பே கிடையாது. எங்கட நாட்டில இருந்து தெஹானி எகொடவெல டோக்கியோவுக்குப் போய் 10 மீற்றர் எயார் ரைபிள் சுட்டவ எல்லோ, அதில பாக்கிறது ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால, பெரிசாக்கிக் காட்டுற கண்ணாடி ஒண்டும் இல்லை. டரெட் கதை வாறது தூரச் சுடுதலில. அமெரிக்காவில 2012இல தொடங்கின பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைபிள் சீரீஸ்) மாதிரிப் போட்டியளிலயும், குப்புறப் படுத்துக்கொண்டு 1000 யார் மட்டும் சுடுற எஃப் கிளாசிலயும்தான்.

டரெட் எண்டது ஸ்கோப்புக்கு மேலயும் வலப்பக்கத்திலயும் நிக்கிற திருகுற குமிழ். மேல இருக்கிறது எலிவேஷன், குண்டு தூரம் போகப் போக விழுகிறதுக்கு ஈடா ஏத்தி இறக்க. பக்கத்தில இருக்கிறது விண்டேஜ், காத்துக்கு. மில் எண்ட கோண அளவுக் கணக்கில செய்த ஸ்கோப்பில ஒரு கிளிக் (குமிழ் டிக்கெண்டு ஒருக்காத் திரும்பிறது) 0.1 மில், அது 100 மீற்றரில 1 சென்ரிமீற்றர், 800 மீற்றரில 8 சென்ரிமீற்றர். ஆருக்கும் தெரியாமல் ஒரு முழு மில் திரும்பிப் போச்செண்டா 800இல 80 சென்ரிமீற்றர் தள்ளிப்போகும், இலக்கா வைச்ச இரும்புத் தட்டும் இல்லை ஒண்டும் இல்லை, புழுதிதான் கிளம்பும். இந்தப் பயத்திலதான் பூட்டு வந்தது, பயம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கேல்ல.

இப்ப பிஆர்எஸ் ஸ்டேஜ் ஒண்டு, அதாவது போட்டியின்ர ஒரு கட்டம், எப்பிடி நடக்குமெண்டு பாருங்கோ. பீப் எண்டு சத்தம் கேட்டாப் பிறகு 90 செக்கனோ 2 நிமிசமோதான் தருவினம், அதுக்குள்ள ஓடிப்போய் ஒரு பலகைத் தடுப்பில மணல் பையை வைச்சு, துவக்கை அதில சாத்தி, 400இல ஒண்டு 600இல ஒண்டு 800இல ஒண்டு எண்டு மாறி மாறிச் சுடோணும். 6.5 கிரீட்மோர் தோட்டாவை 100 மீற்றரில சீரோ பண்ணியிருந்தா (பிடிச்ச புள்ளியிலயே குண்டு படுற மாதிரிச் சரிசெய்திருந்தா) 400க்கு ரெண்டரை மில் அளவில ஏத்தோணும், 600க்கு நாலரை சொச்சம், 800க்கு ஏழைத் தாண்டும், குண்டின்ர வேகத்தையும் அண்டைக்கு இருக்கிற காத்தழுத்தத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். இந்த அவசரத்தில ஒவ்வொரு தட்டுக்கும் குமிழைத் தூக்கு, திருப்பு, அமத்து எண்டு மூண்டு வேலை ஆர் செய்யிறது? ஒருத்தரும் செய்யிறேல்ல. லொக் இருக்கிற ஸ்கோப் வைச்சிருக்கிற ஆக்களைப் பாத்தனான், பீப் கேக்க முதலே தூக்கி விட்டிடுவினம், ஸ்டேஜ் முடியுமட்டும் அமத்த மாட்டினம். அப்ப அந்தப் பூட்டு போட்டி நடக்கேக்க திறந்துதான் கிடக்கு, பேந்தென்ன பூட்டு. தூக்க மறந்தவையின்ர கதை இன்னும் மோசம், திருப்பினாத் திரும்பாது, ஏனெண்டு யோசிச்சு முறுக்க முறுக்க பையில இருந்த துவக்கு அரக்கிடும், திருப்பியும் தட்டைத் தேடிப் பிடிக்கோணும், செக்கன் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொண்டு, பூட்டுக்குச் சரி பிழை தெரியாது. போன ஸ்டேஜ்ல 800க்கு ஏத்தின 7.2ஐ இறக்காமல் அமத்திப் பூட்டிப்போட்டு வந்தா அது 7.2இலயே பத்திரமா நிக்கும், நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள்ள ஆற்றையோ சைக்கிளுக்கு உங்கட பூட்டைக் கொழுவின மாதிரித்தான். அதுக்கு மருந்து சீரோ ஸ்டொப். குமிழைக் கீழ்ப்பக்கமா கண்ணை மூடிக்கொண்டு சுத்தினாலும் சீரோவில வந்து டக்கெண்டு முட்டி நிக்கும், ஒரு முழுச் சுத்து மேல நிக்கிறமோ கீழ நிக்கிறமோ எண்ட குழப்பமே வராது. எலிவேஷனுக்கு இதுவும், இறுக்கமா விரலுக்குத் தெரியிற கிளிக்கும் இருந்தாக் காணும். கனடாவில செய்யிற டாஞ்சென்ட் தீட்டா, காசு கொட்டிக் குடுக்கிற சாமான், அதின்ர எலிவேஷன் பூட்டுறதில்லை. நைட்ஃபோர்ஸ் அட்டாக்கரும் அப்பிடித்தான், ஆனா சீரோ ஸ்டொப் இருக்கு. வோர்டெக்ஸ் ரேசர் ஜென் 2இல தூக்கித் திருப்பி அமத்துற பூட்டு. லியூப்போல்ட் மார்க் 5 நடுவழியில போகுது, சீரோவில மட்டும் பூட்டிக்கொள்ளும், பட்டனை அமத்தி வெளிய எடுத்தா பிறகு சும்மா சுத்தலாம், எனக்குப் பிடிச்சது அதுதான். இவ்வளவு பேரும் போட்டிக்கு ஆக்கள் கொண்டுவாற ஸ்கோப்தான், அப்ப பூட்டாததெல்லாம் வீண்காசு எண்டு எப்பிடிச் சொல்லுறது?

விண்டேஜ் கதை வேற. அதுக்குப் பூட்டோ மூடியோ கட்டாயம் வேணும் எண்டு நானே சொல்லுவன். ஏனெண்டா பிஆர்எஸ்ல காத்துக்குக் குமிழைத் திருப்புறவை குறைவு, ரெட்டிக்கிளில (ஸ்கோப்புக்குள்ள தெரியிற குறிக்கோடுகள்) இருக்கிற கோட்டைப் பாத்துத் தள்ளிப் பிடிச்சுச் சுடுவினம், அதால அந்தக் குமிழை நாள் முழுக்க ஒருத்தரும் பாக்கிறேல்ல. துவக்கைத் தோளில கொழுவிக்கொண்டு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நடக்கேக்க வலப்பக்கக் குமிழ் முதுகிலயும் பையிலயும் உரஞ்சு உரஞ்சு மெல்லமாத் திரும்பும், நாலு கிளிக் போனாலும் தெரியாது. வெளிமூடி சும்மா சுழண்டாலும் உள்ளுக்குத் திரும்பாத மாதிரி காலஸ் கொம்பனி செய்திருக்கிறது நல்ல யோசனை. அப்பிடி ஒண்டும் இல்லாத ஸ்கோப்பெண்டா ஒரு துண்டு கறுப்பு வயர் ரேப், முடிஞ்சுது அலுவல்.

எஃப் கிளாஸ்காரருக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. படுத்த இடத்திலயே படுத்திருந்து ஒரே தூரத்துக்குச் சுடுறவை, எலிவேஷனில ஒரு கிளிக் ரெண்டு கிளிக்தான் விளையாட்டு. 1000 யாரில நடு வட்டம் 5 அங்குலம், கால் எம்ஓஏ (மில் மாதிரி இன்னொரு கோண அளவு) கிளிக் ஒண்டே அதில ரெண்டரை அங்குலத்துக்கு மேல நகர்த்திப்போடும், அதாலதான் அவை அரைக்கால் எம்ஓஏ கிளிக் தேடுறவை. ஒவ்வொரு சூட்டுக்கும் கொடியைப் பாத்து விண்டேஜைத் திருப்புற ஆளுக்குப் போய் விண்டேஜில பூட்டுப் போடச் சொன்னா சிரிப்பினம்.

கட்டுரையில ஒரு சொல்லும் வராத விசயம், நீங்கள் 5 மில் திருப்பினா உள்ளுக்கு உண்மையில 5 மில் நகருதோ எண்டது. குமிழ் வெளிய எவ்வளவு வடிவா இருந்தாலும் உள்ளுக்கு ஒரு குழாயை ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிக்க திருகாணி அழுத்துறதுதான் முழு வித்தையும், அது பிசகினா பூட்டி என்ன பூட்டாமல் என்ன. 100 மீற்றரில உயரமான பேப்பர் ஒண்டைக் கொழுவி, தூக்குக்குண்டு விட்டு நேர்க்கோடு கீறி, கீழ ஒரு புள்ளியில ஒரு குறூப் (ஒரே புள்ளியைப் பிடிச்சு விடுற சில சூடுகள்) சுட்டு, பிறகு 10 மில் ஏத்திப்போட்டு அதே புள்ளியைப் பிடிச்சு இன்னொரு குறூப் சுடோணும், ரெண்டுக்கும் இடையில சரியா 1 மீற்றர் வரோணும், கோட்டை விட்டு விலகவும் கூடாது. நான் கையில எடுத்துப் பாத்த ஒரு மலிவு ஸ்கோப்பில பூட்ட அமத்தேக்க குமிழ் அரைக் கிளிக் பக்கத்துக்குச் சரிஞ்சுது, கோடு ஒரு நம்பரிலயும் நிக்காது நடுவில நிக்கும், அந்தப் பூட்டை வைச்சு என்னத்தைச் செய்யிறது?

பழுதான ரோட்டில பிக்கப்புக்குப் பின்னால துவக்குப் பெட்டியைப் போட்டுக்கொண்டு போறவை, வேட்டைக்குப் பத்தைக்குள்ளால போறவை, அவைக்கு எலிவேஷன் பூட்டு உதவும், அது உண்மை. கட்டுரையின்ர தலைப்பு போட்டிச் சுடுதல் எண்டு இருந்தபடியால்தான் இவ்வளவும் எழுதினன். இஞ்ச லைசென்ஸ் இல்லாமல் ரைபிள் வைச்சிருக்கவே ஏலாது, ஆனா எங்கட பிள்ளையள் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா எண்டு இருக்கிற இடங்களில இந்த விளையாட்டுக்குப் போறாங்கள், உங்கட பேப்பரை இணையத்தில வாசிச்சுப்போட்டு ஆயிரக்கணக்கில டொலரைக் குடுத்து வாங்கவும் கூடும். தம்பியை அடுத்த முறை சீரோ ஸ்டொப் பற்றியும் அந்த 10 மில் பேப்பர்ச் சோதனை பற்றியும் படம் போட்டு எழுதச் சொல்லுங்கோ, ஞாயிற்றுக்கிழமை பேப்பர் எனக்குப் பத்து மணிக்குத்தான் வருது, அதையும் ஒருக்கா ஏஜென்டுக்குச் சொல்லிவிடுங்கோ.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகர் ஒருவர்