கடாரத்துக்காரனுக்கு ஒரு கடிதம்

பகாவ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி, தோட்டத்துக் கோயில் கணக்கு, மருமகளுக்குப் பிரசவம் என்று ஒன்று மாற்றி ஒன்று. பேத்தி பிறந்திருக்கிறாள்! இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் கொஞ்சம் தூங்கட்டும் என்று பள்ளி விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு மலாக்கா போய் வந்தேன்.

வழியில் தம்பின் ஊரில் பசியாறிவிட்டு நேரே அந்தக் கப்பலுக்குத்தான் போனோம். ஆற்றோரம் நிற்கிறதே, கடல்சார் அருங்காட்சியகம், அதுதான். நாம் படிவம் ஐந்து படித்த காலத்தில் அது கிடையாது, 1994இல்தான் திறந்தார்கள். போர்த்துகீசியரின் ‘ஃப்ளோர் டி லா மார்’ கப்பலைப் போலவே கட்டியது. கடலின் மலர் என்று அர்த்தம். நீளம் 36 மீட்டர், உயரம் 34 மீட்டர். தண்ணீரில்லாமல் தரையில் நிற்பதால் அடிவயிறு வரை தெரிகிறது. கோயில் தேரைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.

எனக்குப் பிடித்துப்போனது அந்த அசல் கப்பலின் ஓட்டை உடைசல் கதைதான். 1502இல் லிஸ்பனில் கட்டியது. இந்தியாவுக்கு வந்துபோகும் கப்பல்கள் அந்தக் காலத்தில் மூன்று நான்கு வருஷத்தில் ஓய்ந்துவிடுமாம். இதை ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள், ஒழுக ஒழுகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே. நம் தோட்டத்து லாரி ஞாபகம் வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேதானே பிரேக்கை மிதிப்பார்? ஆனாலும் பெரிய லாரி என்று தைப்பூசத்துக்கு அதைத்தான் அனுப்புவார்கள். போர்த்துகீசியத் தளபதி ஆல்புகர்க்கும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறான். 1511இல் மலாக்காவைப் பிடித்து, வாரிய செல்வத்தையெல்லாம் நிறைய ஏற்றலாம் என்று இதில் ஏற்றினான். அந்த நவம்பரிலேயே சுமத்ரா ஓரத்தில் புயலில் உடைந்து மூழ்கியது. அவன் என்னவோ தெப்பம் கட்டித் தப்பித்துவிட்டான். சரக்கு இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை.

அதில் சுல்தான்களின் கல்லறையிலிருந்து பெயர்த்த வெண்கலச் சிங்கங்களும் போயின. தன் சமாதிக்கு வைத்துக்கொள்ள எடுத்தானாம். “செத்தவங்க வீட்டுலயும் திருடுவாங்களா தாத்தா?” என்றான் பேரன். எனக்கும் ரத்தம் கொதித்தது.

அந்த வேகத்தில், மேல்தட்டில் நின்றுகொண்டு உன் பழைய பாட்டை எடுத்துவிட்டேன். அதுதான், வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வாயே, 1025, ராஜேந்திர சோழன், கடாரங்கொண்டான்! ‘இவனுங்க வர்றதுக்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம கப்பல் வந்துடுச்சு’ என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் புகழ் பாடும் கல்வெட்டு மெய்க்கீர்த்தியில் வரும் விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வளைவையும் சேர்த்துச் சொன்னேன், ஊர் வாசலில் இருந்ததை நம்ம ராஜா கொண்டுபோனார் என்று.

பையன் கொஞ்ச நேரம் பாய்மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “அதைத் திருப்பிக் கொடுத்தாச்சா தாத்தா?”

நான் என்ன சொல்ல? வெயில் ஏறுகிறது, வா என்று கீழே இறக்கிக் கொண்டுபோய் செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். ஐஸ் கரையும்வரை கரண்டியால் கிண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். திரும்பி வரும்போது குவாலா பிலா தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான், நான் தப்பித்தேன்.

நீ கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில், பழைய கடாரம் என்று சொல்கிற அந்தப் பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாய். கடாரத்துக்காரன் நீதான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேத்திக்குப் பெயர் வைக்கிற அன்று வருகிறாய்தானே? தேதி முடிவானதும் போன் அடிக்கிறேன். தங்கச்சியையும் அழைத்து வா. பேரன் கேள்வியை மறக்கிற ஆள் இல்லை.

அன்புடன்,
சுப்ரா