அறுப்பதற்கு முன் ஓர் உறை

ஆசிரியருக்கு, வணக்கம்.

கேப் டவுன் ஜெய்ட்ஸ் மோக்கா கலை அருங்காட்சியகம் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை நடுக்கூடத்தின் அழகை நன்றாகவே சொன்னது. பழைய தானியக் களஞ்சியத்தின் குழாய்களை அறுத்துக் குடைந்த அந்தக் கூடம் சரியாமல் எப்படி நிற்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டது. வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் துணிச்சல் அதில்தான் இருக்கிறது.

1924இல் கட்டி முடித்த தானியக் களஞ்சியம் அது. 57 மீட்டர் உயரக் கோபுரம், அதை ஒட்டி நெருக்கமாக 42 கான்கிரீட் குழாய்கள். நம் முன்னோர் வீட்டு நெற்குதிர் ஒன்றை ராட்சத அளவில் வார்த்ததுபோல. ஆனால் சுவர் வெறும் 170 மில்லிமீட்டர் கனம். கொட்டிய தானியம் சுவரை வெளியே தள்ளும். வளையம் முழுசாக இருக்கும்வரை உள்ளிருக்கும் கம்பி அந்த இழுப்பைத் தாங்கும். வளையத்தை ஓரிடத்தில் அறுத்தாலோ கம்பியின் பிடி விட்டுப்போகும். மிஞ்சுவது உயரமான, மெல்லிய, வளைந்த ஒரு தகடு. அது விரிசல் விடும், விளிம்பு சாயும்.

அதனால் முதலில் குழாய்களுக்குள் கம்பி கட்டிப் புதிய கான்கிரீட் உறை வார்த்தார்கள். பழையதும் புதியதும் ஒரே சுவராகச் சேர்ந்த பிறகே ரம்பம் வந்தது. எங்கே அறுப்பது என்பதற்கும் அந்த உறையே வழிகாட்டி. குடைந்த கூடத்தின் வடிவம் அங்கேயே கிடைத்த ஒரு தானிய மணியினுடையது. தென்னாப்பிரிக்காவில் நாம் மீலி என்போமே, அந்த மக்காச்சோளம். அதை ஸ்கேன் செய்து, 27 மீட்டர் உயரத்துக்குப் பெருக்கி, ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, குழாய்களில் ஆணியடித்துக் குறித்தார்கள். அறுத்த முகத்தை மெருகேற்றியிருப்பதால் பழைய ஜல்லி எங்கே முடிகிறது, புதிய உறை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்தே காட்டலாம். மேலே 6 மீட்டர் விட்டக் கண்ணாடி மூடிகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது.

காட்சிக்கூடங்கள் எல்லாம் வெறும் வெள்ளைப் பெட்டிகள் என்று கட்டுரையாளர் குறைபடுகிறார். உட்குழிந்த சுவரில் சட்டமிட்ட படத்தை மாட்டினால் இரு ஓரமும் சுவரைத் தொடும், நடுவில் இடைவெளி விழும். ஓவியத்துக்கு நேர்ச்சுவர்தான் வேண்டும். ஆனாலும் சிலைகளுக்கென்று இரண்டொரு குழாயை முழுசாக விட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

ஒரு திருத்தம். கட்டடத்தின் தலையணைபோல் உப்பிய ஜன்னல்களில் இருப்பது வளைத்த கண்ணாடி இல்லை. தட்டையான துண்டுகளைக் கோணம் கோணமாகச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள்.

அடுத்த முறை கூடத்தின் அகலக் காட்சியோடு, அறுத்த விளிம்பை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்றையும் போடுங்கள்.

கட்டடப் பொறியாளர் ஒருவர்,
டர்பன்