வளவைக் காட்டுங்கள், அப்புறம் பேயைக் காட்டலாம்

பேய்ப் படம் எடுக்கச் செட்டிநாட்டுக்கு வருகிற இயக்குநர்களுக்கும், உங்களோடு வருகிற ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், ஒலி வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று இந்தப் பக்கத்து வீடுகள் தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. கல்யாண வீடு வேண்டுமென்றாலும் இங்கேதான் வருகிறீர்கள், பண்ணையார் வீடு வேண்டுமென்றாலும் இங்கேதான். கொஞ்ச வருடங்களாகப் பேய் பங்களா கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தாராளமாக வாருங்கள். படப்பிடிப்பு வாடகையில் ஓடு மாற்றுகிற குடும்பங்கள் இங்கே உண்டு, எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. பங்காளிகள் எல்லோரும் பேசிச் சாவியை என்னிடம் கொடுத்திருப்பதால், படக்குழு வந்தால் கூடவே இருப்பது என் பொறுப்பு. பேய்ப் படம் என்றால் எனக்கு உயிர். ஆனால் எங்கள் ஊர் வீடுகளில் எடுத்த பேய்ப் படங்களைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை. இதே வீட்டில் நடுச்சாமத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குப் போகும்போது வருகிற பயத்தில் பாதிகூடத் திரைக்கு வந்து சேரவில்லை. அது ஏன் என்று யோசித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் முதல் காட்சியிலேயே பயமுறுத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். வீடு திரையில் வரும்போதே புகை, நீல வெளிச்சம், ஒட்டடை, கிறீச்சிடும் கதவு. இந்த வீடு சாதாரணமாக எப்படி இருக்கும் என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாது. அது தெரியாதவருக்கு எது மாறினாலும் என்ன? மெல்ல மெல்லப் பிடிக்கிற பேய்ப் படம் முதல் அரை மணி நேரத்தில் பார்வையாளருக்கு ஒரு வீட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. யார் எங்கே படுப்பார்கள், எந்தக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும், விளக்கு யார் ஏற்றுவது, எந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள். எல்லாம் பழகியபிறகு அதில் ஒன்றே ஒன்றை மாற்றுகிறது. நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிப்பது பாத்திரம் அல்ல, பார்வையாளர். கண்டுபிடித்தவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல முடியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பை எந்த ஒப்பனையாலும் உண்டாக்க முடியாது.

இதற்கு எங்கள் வீடுகளைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. முகப்பில் நின்று பார்த்தால் நடுவில் திறந்த முற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நிலைகள் ஒன்றின்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் போய், பின்வாசலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற தெரு வரைக்கும் தெரியும். சட்டத்துக்குள் சட்டமாக நான்கைந்து கதவுகள். கேமராவை முகப்பிலேயே நிறுத்திவிடுங்கள், அசைக்காதீர்கள். காலையில் ஒருமுறை: எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, கடைசிக் கட்டில் ஆச்சி முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அதே சட்டம் சாயங்காலம் ஒருமுறை. மூன்றாம் முறை, ஆச்சி ஊருக்குப் போய்விட்ட பிறகு, அதே இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. கதாநாயகன் முன்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறான், திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் கேமராவை அருகே கொண்டு போகாதீர்கள். இசையும் வேண்டாம்.

இப்படி எடுத்தால் ரசிகர் கவனிக்க மாட்டார் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. 2018-இல் வந்த 'ஹெரிடிட்டரி' படத்தில், இருட்டறையில் மகன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான், அவனுக்குப் பின்னால் சுவரின் மேல் மூலையில் அம்மா ஒட்டிக்கொண்டிருப்பாள். பார் பார் என்று படம் கையைப் பிடித்து இழுக்காது. இருட்டுக்குக் கண் பழகப் பழக ஒவ்வொருவரும் அவரவர் நேரத்தில் கண்டுபிடிப்பார்கள். நம்மூர் ரசிகருக்கும் அதே இரண்டு கண்தானே!

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. வளவுக்கு மேலே திறந்த வானம். வெயில் காலையில் ஒரு பக்கத்துத் தூணில் இறங்கி, நடுப்பகலில் முற்றத்தின் நடுவுக்கு வந்து, சாயங்காலம் எதிர்ப்பக்கத் தூணில் ஏறிப் போய்விடும். பட்டாலை என்கிற கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மணி பார்க்க வேண்டியதில்லை. வளவைச் சுற்றியிருக்கிற அறைகளுக்குள் உச்சிவெயிலிலும் அரை இருட்டுதான். வெளியிலிருந்து வருகிறவருக்குக் கொஞ்ச நேரம் உள்ளே ஒன்றும் புலப்படாது. இந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு பட்டப்பகலில் ஒரு பேய்ப் படம் எடுக்கலாம். ஆனால் வருகிற குழுவெல்லாம் முதல் வேலையாக வளவைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, உள்ளே நீல விளக்கு போடுகிறார்கள்.

ஒரு குழு எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்ல வேண்டும். ரப்பர் பசையை மின்விசிறி மாட்டிய கருவியில் ஊற்றிச் சிலந்தி வலை பின்னினார்கள். பாதி வலை பட்டாலைச் சுவரில் போய் ஒட்டியது. அது சாதாரணச் சுவர் இல்லை. சுண்ணாம்பு பல தடவை பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். முகம் மங்கலாகத் தெரியும். அதன்மேல் பழசாகக் காட்ட வேண்டுமென்று கரித்தூளையும் அப்பினார்கள். அவர்கள் போனபின் பசையை உரித்தபோது பூச்சும் சில்லுச் சில்லாக உரிந்து வந்தது. இன்று அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. சரி, பணத்தை விடுங்கள். முகம் மங்கலாகத் தெரிகிற சுவர் ஒன்று பேய்ப் படம் எடுப்பவருக்குக் கிடைத்தால் அதை மறைப்பாரா? அந்தச் சுவரில் ஒரு ஆள் நடந்து போனால் இரண்டு ஆள் போவதுபோல் இருக்கும். அதைப் பார்க்கவே இல்லை அவர்கள்.

அப்புறம், பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீடு ஒட்டடை படிந்து கிடக்கும் என்று யார் சொன்னது? பல வீடுகளில் காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கும். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள், சாயங்காலம் விளக்கேற்றுவார்கள். சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், விசேஷத்துக்குத்தான் வருவார். முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற பட்டாலையில் ஆத்தங்குடித் தரைக்கல் பளபளவென்று இருக்கும், ஒரு ஆள் இருக்க மாட்டார். தூசி படிந்த வீட்டைப் பார்த்தால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று தெரிகிறது. துடைத்து வைத்த காலி வீட்டைப் பார்த்தால், யாருக்காகத் துடைத்து வைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்குப் பயம் தருவது இரண்டாவதுதான்.

ஒலி வடிவமைப்பாளர்களிடம் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும், ஏனென்றால் படம் நிற்பதும் விழுவதும் உங்கள் கையில்தான். திடீரென்று பெரிய சத்தம் போட்டால் எவருக்கும் தூக்கிவாரிப் போடும். தீபாவளி அன்று முதுகுக்குப் பின்னால் வந்து எவனாவது அணுகுண்டு வெடித்தாலும் அப்படித்தான். அது உடம்பு தானாகத் துள்ளுவது, அடுத்த நொடியில் சிரித்துவிடுவோம். சிரித்தபின் அதுவரை சேர்ந்திருந்த இறுக்கமும் போய்விடும். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலறினால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரசிகரை விடுதலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆளில்லாத வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு ஒலிவாங்கியை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். மாடத்தில் புறா குமுறும். வெயில் ஏறி இறங்கும்போது பர்மா தேக்கு உத்தரம் எங்கோ ஒரு இடத்தில் 'டக்' என்று விடும். கனமான நிலைக்கதவு குடுமி என்கிற அச்சில் சுற்றும்போது வருகிற சத்தம் சினிமாக் கதவின் கிறீச்சு இல்லை, தாழ்ந்த குரலில் ஒருவர் முனகுவதுபோல் இருக்கும். ஊஞ்சல் சங்கிலிக்குத் தனிச் சத்தம், ஆள் உட்கார்ந்து ஆடினால் ஒன்று, காற்றுக்கு ஆடினால் வேறு. இந்த வித்தியாசத்தை ரசிகருக்கு முதலிலேயே பழக்கிவிட்டால் போதும். பிறகு வெறும் ஊஞ்சலைக் காட்டாமல் ஆள் உட்கார்ந்து ஆடுகிற சத்தத்தை மட்டும் விடுங்கள். புறாச் சத்தத்தைப் படம் முழுக்க வைத்திருந்து, ஒரு காட்சியில் மட்டும் நிறுத்திவிட்டாலும் போதும். எது குறைகிறது என்று தெரியாமலே ரசிகர் நிமிர்ந்து உட்காருவார்.

கதைக்கு வருகிறேன். மெதுவாகப் போகிற நல்ல பேய்ப் படங்களில் பேய் வருவதற்கு முன்பே குடும்பத்தில் விரிசல் இருக்கிறது. ராபர்ட் எக்கர்ஸின் முதல் படமான 'தி விட்ச்' (2015) சூனியக்காரியை ஒளித்து வைக்கவில்லை, தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. பேயைக் கடைசிவரை காட்டாமல் இருப்பதுதான் ரகசியம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் நெஞ்சை அழுத்துவது வேறு. அப்பா, அம்மாவின் வெள்ளிக் கோப்பையை யாருக்கும் சொல்லாமல் விற்றுவிடுகிறார். பழி மகள்மேல் விழுகிறது, அவர் வாயைத் திறக்கவில்லை. காட்டுக்குள் இருப்பவளைவிட வீட்டுக்குள் இருக்கிற அந்த மௌனம்தான் குடும்பத்தை முடிக்கிறது. மலையாளத்தில் வந்த 'பூதகாலம்' (2022) படத்துக்கு அரண்மனை எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண வீடு, மனச்சோர்வில் இருக்கும் அம்மாவாக ரேவதி, வேலை கிடைக்காத மகன். மகன் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அம்மாவும் சேர்த்து. பேய் இருக்கிறதா என்ற கேள்வியைவிட, இவனை யாராவது நம்புவார்களா என்ற கேள்வி நம்மைக் கட்டிப்போடுகிறது.

எங்கள் வீடுகளில் நீங்கள் வைக்கிற கதை பெரும்பாலும் ஒன்றுதான்: கொடுமைக்கார ஜமீன்தார், அவர் கெடுத்த வேலைக்காரப் பெண், வெள்ளைச் சேலை. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் பெரும்பாலும் ஜமீன்தார்கள் அல்ல, பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வட்டிக்கடை நடத்திய நகரத்தார். அவர்களுக்கு வேறு பாவங்கள் உண்டு, அவை பேரேட்டில் இருக்கின்றன. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன புருஷன் வருடக்கணக்கில் வரமாட்டார், பெண்ணுக்கு இந்த வளவுதான் உலகம். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது காட்டுவழியே நடந்து வந்தவர்கள் உண்டு, வந்து சேராதவர்களும் உண்டு. வந்து சேர்ந்தவர் உண்மையிலேயே போனவர்தானா என்று அவர் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வருகிறது என்று வையுங்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் முழுப் படமும் ஓடும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே செத்தவர்கள் அந்நியர்கள் அல்ல. படைப்பு என்று ஒரு வழக்கம். பங்காளிகள் கூடி, முன்னோருக்குப் புதுச் சேலை வேட்டி வைத்து, இலை போட்டுச் சோறு படைத்துக் கும்பிடுவார்கள். யாருக்குப் படைக்கிறோம் என்று பெயர் தெரியும், முறை தெரியும். ஆகவே பேய் வருகிறது என்று காட்டினால் எங்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி, இது நம் வீட்டு ஆளா என்பதுதான். பங்காளிகளுக்குள் வழக்கு, பேச்சுவார்த்தை இல்லை, படைப்பு நின்று போய் வருடங்கள் ஆகிவிட்டன, வளவில் ஒவ்வொரு புள்ளியும், அதாவது ஒவ்வொரு குடும்பமும், அவரவர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறது. நீதிமன்றம் சொல்லி எல்லாப் பூட்டையும் ஒரே நாளில் திறக்கிறார்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கதை எழுதுகிறவர்கள்.

தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். மெதுவான படம் என்றால் நீளமான படம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். 'தி விட்ச்' சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பாட்டும் தனி காமெடி டிராக்கும் போனால் வாடகை கொடுக்கிற நாட்களே குறையும், அதை அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இடைவேளைதான் உண்மையான சிக்கல், ஏறிக்கொண்டிருக்கிற பயம் விளக்குப் போட்டதும் இறங்கிவிடும். அந்த இடத்தில் அலறல் வைக்காதீர்கள். ரசிகர் வெளியே போய் டீ குடிக்கும்போது, 'ஆமா, அந்த மூணாவது கதவு முதல்ல சாத்தித்தானே இருந்துச்சு?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்படி ஒரு சந்தேகத்தை வைத்து அனுப்புங்கள். திரும்பி வந்து உட்காரும்போது அவர்களே கதவுகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். வீடு பார்க்க வரும்போது டிரோனை விட்டுவிட்டு ஒலிப்பதிவாளரைக் கூட்டி வாருங்கள். ஒரு ராத்திரி தங்குங்கள், பட்டாலையில் பாய் போட்டுத் தருகிறோம், அதற்கு வாடகை கிடையாது. காவலுக்கு இருக்கிற அம்மாவிடம் எந்த அறைக்குப் போக அவருக்குப் பிடிக்காது என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு அறை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அதைக் கேட்டபிறகு கதையை எழுதுங்கள். சுவரில் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

அன்புடன்,
காரைக்குடிப் பக்கத்திலிருந்து, சாவி வைத்திருக்கும் பங்காளி