மலையேறும்போது அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்: ஏற்காட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டி வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்கு வண்டி ஏற்றும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். சேலத்தில் உங்கள் கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கிறவன், பிரேக் வேலை செய்கிறவன். உங்கள் வண்டிச் சத்தம் எனக்கு எரிச்சல் இல்லை. எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று அடிவாரத்தைத் தாண்டி முதல் ஏற்றத்தில் உறுமிக்கொண்டு ஏறும்போது, கையிலிருக்கும் டீ ஆறுவது தெரியாமல் நின்று கேட்கிற ஆள் நான். அதனால் இதை வண்டி பிடிக்காத ஒருவர் எழுதியதாக நினைக்க வேண்டாம்.

கொஞ்ச நாளாக ஒன்றைக் கவனிக்கிறேன். செக்போஸ்ட் தாண்டியதும், சறுக்குகிற கார் படம் போட்ட அந்தப் பொத்தானைத் தேடி அழுத்துகிறீர்கள். சிலர் ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். சிலர் விரலை எடுக்காமல் சில நொடி அழுத்திப் பிடிக்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. பல கார்களில் ஒரு தட்டுக்கு, சக்கரம் வெறுமனே சுற்றாமல் தடுக்கிற ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் தளரும். அழுத்திப் பிடித்தால் வண்டி சுழலாமல் காக்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் சேர்ந்து போய்விடும். எது போனது, எது இருக்கிறது என்று தெரியாமலே மேலே ஏறுகிறவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். அடிவாரத்திலிருந்து மேலே ஏற்காட்டு ஒண்டிக்கடை வரை, அப்புறம் இறங்கி வரும்போதும், அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

அது என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைக் கழற்றினால், அது மாட்டியிருக்கும் நடுப்பாகமான ஹப்புக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார் தெரியும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸுக்கு என்று வைத்ததுதான் அது. பிரேக் டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அதன் நுனியில் கறுப்பாக மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். துணியால் துடைத்துவிட்டுத்தான் திரும்ப மாட்டுவேன். நான்கு சக்கரத்திலும் இருக்கிற இந்தச் சென்சார்கள், தத்தம் சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அளவு மீறிச் சுற்றினால் டயர் ரோட்டைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே எஞ்சின் இழுவை குறையும், வெறுமனே சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் லேசாகப் பிரேக் விழும். ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் செய்வது இவ்வளவுதான். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அதற்கும் ஒரு படி மேலே. நீங்கள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினீர்கள், வண்டி நிஜத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று நொடிக்கு 25 முறை ஒத்துப் பார்க்கும். நமக்கோ கண் பார்த்து, புத்திக்கு எட்டி, கால் அசைவதற்குள் முக்கால் நொடியாவது போய்விடும்.

1995-ல் பாஷ் நிறுவனம் செய்த இந்த ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வரிசையில் முதலில் வந்தது. அப்போது அது பெரிய வண்டிக்காரர்களின் வசதி. இரண்டே வருடத்தில், 1997-ல், மெர்சிடிஸின் சின்ன ஏ கிளாஸ் கார் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் கவிழ்ந்தது. ரோட்டின் குறுக்கே வரும் பெரிய மானுக்கு ஒதுங்குவதுபோல் சட்டென்று வளைத்துத் திருப்புகிற சோதனை அது. அதற்குப் பிறகு எல்லா ஏ கிளாஸிலும் இதைப் பொருத்திவிட்டார்கள். குறுக்கே மான் வருவது ஸ்வீடனில் என்றால், நம் மலையில் குரங்கு. யாராவது வீசிய வாழைப்பழத்துக்காகக் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வளைவின் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

“எஃப் ஒன் ரேஸ் காரிலேயே ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாதே அண்ணா” என்று ஒரு தம்பி கேட்டார். சரிதான், 2008-லிருந்து அங்கே தடை. ஓட்டுகிறவரின் கால் திறமைதான் பேச வேண்டும் என்பதற்காகத் தடை. ஆனால் அந்த டிராக்கில் வண்டி வெளியே போனால் நிற்பதற்குச் சரளைக்கல் பரப்பு இருக்கிறது, டயர் அடுக்கு இருக்கிறது, கொடி காட்ட ஆள் இருக்கிறது, டாக்டரோடு கார் தயாராக நிற்கிறது, எதிரே யாரும் வரமாட்டார்கள். நம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. இடுப்பு உயரம்கூட இல்லாத தடுப்புச் சுவர். எதிரே முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்புகிற பஸ், மிளகு மூட்டையோடு மினி லாரி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால் கேன். 2024 ஏப்ரல் கடைசியில் இதே பாதையில் இறங்கி வந்த தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஒன்றை மட்டும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பின்சக்கர இழுவை உள்ள காரில், ஏறும்போது ஆக்சிலரேட்டரை அதிகமாக மிதித்தால் வண்டியின் வால் வளைவுக்கு வெளிப்பக்கம் போகும். நாம் ரோட்டின் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். இடப்பக்க வளைவில் வால் போவது வலப்பக்கம், அதாவது மேலேயிருந்து இறங்கி வருகிறவரின் பாதைக்குள். வலப்பக்க வளைவில் வால் போவது இடது ஓரத்துக்கு, அதாவது நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நிற்கிற இடத்துக்கு. நீங்கள் வால் வீசுவதற்கு எடுத்துக்கொள்ளும் இடம் எந்த வளைவிலும் உங்களுடையது இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடம் முன்பு ஒரு ஐப்பசி மாதம். அலைன்மென்ட் முடித்த இரண்டு கதவுக் கார் ஒன்றை ரோட் டெஸ்ட்டுக்கு மலைக்கு எடுத்துப் போனேன். பக்கத்தில் வண்டியின் சொந்தக்காரர். 60 அடி பாலம் தாண்டித் தூறல் ஆரம்பித்தது. ரோடு கறுத்து மினுங்கியது. ‘ஆஃப் பண்ணிப் பார்க்கலாம்’ என்று கையை நீட்டியது நான்தான், அவரில்லை. வலப்பக்க வளைவு. பாதி திரும்பியதும் மிதித்தேன். உள்பக்கப் பின்சக்கரம் லேசாகி வெறுமனே சுற்றியது, அடுத்த கணம் வெளிப்பக்கச் சக்கரமும் பிடியை விட்டது. வால் இடது ஓரத்துக்குப் போனது. பயந்துபோய்க் காலை மொத்தமாக எடுத்துவிட்டேன். செய்யக்கூடாதது அதுதான். பாரம் முன்னால் சாய்ந்து, நான் எதிர்ப்பக்கம் திருப்பிவைத்திருந்த ஸ்டியரிங்கோடு பின் டயர் சட்டென்று பிடித்தது. வண்டி மறுபக்கம் சாட்டை மாதிரி வீசி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

எதிலும் இடிக்கவில்லை. ஆனால் இடது ஓரத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். தோட்டத்து வேலைக்குப் போய்த் திரும்புகிறவர், தலையில் விறகுக் கட்டு. வண்டி வருவதைப் பார்த்துப் பின்னால் நகர்ந்து, ஓடைக்கல்லில் கால் இடறி, கட்டைக் கீழே போட்டிருந்தார். இறங்கி ஓடினேன். விறகு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. சவுக்குக் குச்சியும் சில்வர் ஓக் கிளையுமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவர் வைத்திருந்த கயிற்றாலேயே கட்டிக்கொடுத்தேன். கை நடுங்கி முடிச்சு விழவில்லை. அவரே வாங்கி இறுக்கிக்கொண்டார். “பாத்துப் போ சாமி” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் மனதில் நின்றிருக்காது.

பொத்தானை அணைக்காவிட்டால் எந்த வேகத்திலும் போகலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அமைப்பு டயருக்கு இருக்கிற பிடிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும், புதிதாக உண்டாக்காது. ஒரு கொண்டை ஊசி வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். காய்ந்த ரோட்டில் நல்ல டயருக்குத் தாங்குகிற வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வரும். மழையில் பிடிப்பு பாதியானால் 25. அதைத் தாண்டி நுழைந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் வண்டியை உள்ளே இழுத்துவைக்காது. 400 குதிரைத்திறன் வண்டியும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் அந்த வளைவில் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் திரும்ப முடியும். இறங்கும்போது இன்னும் மோசம், முன் டயரே பெரும்பாலான பாரத்தைச் சுமக்கும். கீழ் கியரில் இறங்குங்கள், பிரேக்கை விடாமல் மிதித்துச் சூடேற்றாதீர்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். வழி விடுவது சட்டமே சொல்வது.

ரோடும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடைக்குப் பிறகு விழும் முதல் மழையில், மாசக்கணக்காக வளைவில் சொட்டிய டீசலும் ஆயிலும் மேலே மிதக்கும். ஐப்பசி கார்த்திகையில் சிவப்பு மண் ரோட்டுக்கு வழிந்து வந்து, வெயிலில் காய்ந்து மாவாகக் கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். ரோட்டைத் திறந்த பிறகும் மண் அப்படியே மறைந்துவிடுவதில்லை. நேற்று பிடித்த வளைவு இன்று பிடிக்கும் என்பதற்கு மலையில் உத்தரவாதம் இல்லை.

நீங்கள் பொத்தானை அணைப்பதற்கு அடிக்கடி சொல்கிற காரணம், வளைவை விட்டு வெளியே வரும்போது வண்டி மூச்சுப் பிடித்த மாதிரி இழுக்காமல் நிற்கிறது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்பது. நியாயமான புகார்தான். ஆனால் அது டயர் பேசுகிற பேச்சு. ஒவ்வொரு வளைவிலும் விளக்கு மின்னினால், ஒன்று கால் அவசரப்படுகிறது, இல்லை டயர் போய்விட்டது, இல்லை பின்னால் வேறு அளவு டயர் மாட்டிச் சென்சார் கணக்கைக் குழப்பியிருக்கிறீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. வயதான டயரில், ட்ரெட் என்கிற மேல் வரிப்பள்ளம் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். வீட்டில் மூடிவைத்து மாதத்தில் இரண்டு நாள் எடுக்கிற கார்களில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். பொத்தானை அணைத்தால் விளக்கு மின்னுவது நிற்கும், டயருக்கு வயது குறையாது.

நடிகர் பால் வாக்கர் 2013-ல் கலிபோர்னியாவில் இறந்த விபத்து நினைவிருக்கும். நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜிடியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மாடலில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. அதிவேகம்தான் காரணம் என்றது விசாரணை. டயர்களுக்கு ஒன்பது வயது என்பதும் அதில் தெரிந்தது. வண்டி ஓட்டியவர் ரேஸ் அனுபவம் உள்ளவர்.

சரி, அப்படியானால் அந்தப் பொத்தானை எதற்கு வைத்தான்? காரணம் இருக்கிறது. காபித் தோட்டத்து மண் பாதையில் சேற்றில் சக்கரம் புதைந்தால் அணைக்கத்தான் வேண்டும். அங்கே சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் சேற்றை உதறி மேலே வரும், இழுவையை வெட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னொரு இடம், டிராக். உங்கள் வண்டி வால் வீசும்போது கையிலும் இடுப்பிலும் என்ன தெரியும் என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுவது தப்பே இல்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இங்கிருந்து ஒரு காலைப் பயணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொன்று. டிராக்கை வெளியாட்களுக்குத் திறந்துவிடும் நாள் கேட்டுப் போங்கள், சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் போடுங்கள், அங்கே அணையுங்கள். பத்து முறை சுழன்றாலும் தூசி தட்டிவிட்டுப் பதினோராவது முறை போகலாம். நான் பயந்து காலை எடுத்தேனே, அந்தப் பயம் போக எனக்கு அப்படி ஒரு முழு நாள் ஆனது.

குழுவாக வருகிறவர்களில் முன்னால் ஓட்டும் மூத்தவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேரும் பையன் உங்கள் பின்விளக்கைப் பார்த்துத்தான் வேகம் பிடிக்கிறான். நீங்கள் வாலை வீசினால் அவனும் வீசிப் பார்ப்பான், உங்களுக்கு இருக்கும் பழக்கம் அவனுக்கு இருக்காது. வீடியோ எடுப்பதற்காக வளைவில் ஆள் நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள். மலைக்கு வருவதை நிறுத்தச் சொல்லவில்லை. பங்குனி சித்திரையில் மழை ஒன்று விழுந்து காபி பூத்திருக்கும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாவது கியரில் ஏறிப் பாருங்கள். அந்த வாசனை 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் வண்டிக்குள் வந்து நிற்கும்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடிவாரத்து டீக்கடை முன்னால் இருப்பேன். ஏர் கேஜும், ட்ரெட் அளக்கிற கருவியும் கையில் இருக்கும். காசு வேண்டாம். வண்டியை ஓரம் கட்டுங்கள், நான்கு டயரையும் பார்த்து, எந்த வருடத்தது, எவ்வளவு மிச்சம் என்று சொல்லி அனுப்புகிறேன். எந்தப் பொத்தான் உங்கள் வண்டியில் எதை அணைக்கிறது என்பதையும் நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் அலைன்மென்ட் அண்ணன்