கட்டைக் குரல்காரிகளுக்கு

கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள கோமு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால், அவருக்குச் சர்க்கரை, மருமகளுக்கு ஆபீஸ். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உன்னோடு ஃபோனில் எதையாவது உருப்படியாகப் பேச முடிகிறதா? பாதியில் பால்காரன் வருகிறான், மீதியில் குக்கர் கத்துகிறது. அதனால்தான் காகிதம். கையெழுத்து புரியாவிட்டால் சரோஜாவிடம் கொடு. வார்டன் அம்மாவின் நோட்டீஸையே படித்துக் காட்டியவள் அவள்.

உன் பேத்தி மீனு விஷயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. 'கட்டைக் குரல், மற்ற பிள்ளைகளோடு சேரவில்லை' என்று ஸ்கூல் பாட்டுக் கோஷ்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து குழந்தை வீட்டில்கூட வாயைத் திறப்பதில்லை என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்டு விழாவில் உன்னைப் பின்வரிசையில் நிறுத்தி, 'வாயை மட்டும் அசைத்தால் போதும்' என்றார்களே, அந்தக் கதையை அவளிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நம் பிள்ளைகளிடம் நாம் சமையல் குறிப்பைத் தவிர வேறு எதைச் சொன்னோம்!

சரி, நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், பாடகி உஷா உதுப் கதையை. இங்கே எல்லோருக்கும் அவர் 'தீதி', அக்கா. 'ஆரம்பித்துவிட்டாள் தீதி புராணத்தை' என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

1947இல் பம்பாயில் பிறந்த தமிழ்ப் பெண், அப்பா போலீஸ் அதிகாரி. பைகுல்லாவில் செயின்ட் ஆக்னஸ் பள்ளியில் படிக்கும்போது, குரல் சேரவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படியே மீனு கதை! ஆனால் அந்த டீச்சருக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது. பாடவைக்க முடியாவிட்டாலும் இவளிடம் சங்கீதம் இருக்கிறது என்று கண்டுகொண்டு, கையில் கிளாப்பரையும் டிரையாங்கிளையும் கொடுத்து உட்கார வைத்தாராம். அதற்கு மேல் முறையான பயிற்சி என்று எதுவும் கிடையாது. வீட்டு ரேடியோவும், ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த அக்காக்களும்தான் பாடசாலை. ரேடியோ அறிவிப்பாளர் அமீன் சயானி மூலமாக ரேடியோ சிலோனில் பாட இடம் கிடைத்தபோது வயது ஒன்பது.

அப்புறம் எங்கே போனார் தெரியுமா? நம் மவுண்ட் ரோடுக்கு! சஃபையர் தியேட்டர் வளாகத்தில் கீழே 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு கிளப் இருந்ததாம். நாம் ப்ளூ டைமண்டில் நுழைந்து ஏசிக்காகவே ஒரே படத்தை இரண்டு தடவை பார்த்தபோது அந்தக் கட்டடத்துக்குள் இப்படி ஒரு சரித்திரம் இருந்தது நமக்கு எங்கே தெரியும்! 1969, ஊரில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். நைட் கிளப் பாடகி என்றால் கவுன் போட்டிருப்பாள் என்று காத்திருந்தவர்கள் முன்னால், தலையில் பூ, காஞ்சிபுரம் பட்டு, நெற்றியில் பெரிய பொட்டோடு ஒரு பெண் வந்து நின்று அடித்தொண்டையில் ஜாஸ் பாடினால் எப்படி இருந்திருக்கும்! கச்சேரி என்று நினைத்து யாராவது தொடையில் தாளம் போட ஆரம்பித்திருப்பார்கள். அதே வருஷமே இங்கே பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் ரெஸ்டாரண்டில் பாட வந்துவிட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கோரஸ் என்றால் ஆர்மோனியத்தை ஐந்து கட்டைக்குப் பக்கத்தில், மேல் சுருதியில் வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளையும் அதில் ஏற்றிவிடுவார்கள். ஏற முடியாத குழந்தை கீழ் ஸ்தாயியில் பாடும், தனியாகத் தெரியும், 'சேரவில்லை' என்பார்கள். ஜாஸ் குழுவில் இது தலைகீழ். பாடுகிறவர் எந்த சுருதியில் சௌகரியமோ அதற்கு பியானோவும் பேஸும் சாக்ஸபோனும் இறங்கி வரவேண்டும். போதாததற்குக் கையில் மைக். உதட்டருகே பிடித்து முணுமுணுத்தாலும் கடைசி மேஜை வரைக்கும் போகும். கீழே இறங்கும் குரல் அங்கே ஒரு சொத்தடி. இவ்வளவு எதற்கு, நம் கர்நாடகக் கச்சேரியிலும் அவரவருக்கு அவரவர் சுருதிதானே! அடித்தொண்டையில் பாடிய வித்வான் எம்.டி. ராமநாதனை யாராவது ஐந்து கட்டைக்கு ஏறச் சொன்னார்களா? மீனுவின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, சுருதிதான் அவளுடையது இல்லை.

சினிமா மட்டும் இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தது. லதாவும் சுசீலாவும் பாடிய காலத்தில் கதாநாயகிக்கு இந்தக் குரல் எப்படிப் பொருந்தும்? 'தம் மாரோ தம்' இந்திப் பாட்டில் முதலில் தனக்கும் பங்கு இருந்தது, கடைசியில் அது ஆஷாவுக்குப் போய், அதே படத்தில் ஒரு இங்கிலீஷ் பாட்டுத் துண்டுதான் தனக்குக் கிடைத்தது என்று அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்வார். 'தம் மாரோ தம்' பாட்டையும் விடாமல் மேடை மேடையாகப் பாடித் தன்னுடையதாக்கிக்கொண்டார், அது வேறு. டிஸ்கோ காலத்தில் பப்பி லஹிரி கூப்பிட்டுப் பாடவைத்தார், 'டிஸ்கோ டான்சர்' உள்பட. நம் பக்கத்தில் 'மேல்நாட்டு மருமகள்', அப்புறம் 'அஞ்சலி'யில் இளையராஜா கொடுத்த 'வேகம் வேகம்'. ஃபிலிம்ஃபேர் விருது வந்தது 2012இல், '7 கூன் மாஃப்' பாட்டுக்கு. வயது 64! நமக்கெல்லாம் ரிட்டையர்மென்ட் பார்ட்டி முடிந்து வெள்ளிக் குத்துவிளக்கைப் பரணில் போட்டுவிட்ட வயது.

படப் பாட்டை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இவர் கணக்கிலேயே வரமாட்டார். எனக்கு அதில்தான் கோபம். இவர் மேடைக்காரி. 15க்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடுவார். நைரோபிக்குப் போய் 'மலைக்கா' என்ற ஆப்பிரிக்கக் காதல் பாட்டை ஸ்வாஹிலியில் பாடி அந்த ஊரையே மயக்கினார்.

எல்லாரும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்று நினைக்காதே. எண்பதுகளில் இங்கே மந்திரியாக இருந்த ஜதின் சக்ரவர்த்தி, இந்த மாதிரிப் பாட்டு நம் கலாசாரத்தைக் கெடுக்கிறது என்று கிளம்பினார். அரசாங்க அரங்குகளில் இடம் இல்லை என்றார்கள். இவர் மூட்டை கட்டவில்லை. கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார், இதே ஊரில் இருந்தார். நெற்றிப் பொட்டில் வங்காள எழுத்து 'க'வை வைத்துக்கொண்டு இன்றும் இங்கேதான் இருக்கிறார்.

2024 ஏப்ரலில் பத்ம பூஷண் வாங்கினார். அன்று அதே விருதை வாங்கிய இன்னொருவர் மிதுன் சக்ரவர்த்தி, அந்த 'டிஸ்கோ டான்சர்' பட நாயகன்! டிவியில் பார்த்து நானும் மருமகளும் விசிலடிக்காத குறை. ஜூலையில் கணவர் ஜானி போய்விட்டார். டிரிங்காஸில் பாடிய நாட்களில் அறிமுகமானவர். ஐம்பது வருஷத் துணை என்றால் சும்மாவா? இனி எங்கே பாடப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நம் சம்பகா தெரியுமே, கணவர் போனபிறகு வீணையின் உறையைக்கூடக் கழற்றவில்லை.

போன மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் தீதி பாடினார். மருமகள் கூட்டிப் போனாள். காலில் காஞ்சிபுரம் பட்டுத் துணி ஒட்டிய ஸ்னீக்கர்ஸ். முழங்கால் வலிக்கு நல்லது என்று எனக்கும் ஒன்று தைத்துக்கொள்ள ஆசை, எங்கள் வீட்டுக்காரர் விவாகரத்து கேட்பார். தீதியின் குரல் முன்னைவிட இன்னும் இறங்கியிருக்கிறது, மேலே போகவேண்டிய இடங்களை மைக்கை எங்கள் பக்கம் நீட்டிச் சமாளிக்கிறார். சமாளிப்புதான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கீழே இறங்கி நின்ற இடம் ஒவ்வொன்றும் அசல். என் பக்கத்து நாற்காலி சர்தார்ஜி மூன்றாவது பாட்டிலேயே எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். நான் உட்கார்ந்தே ஆடினேன். மீனு இதைப் பார்க்கவேண்டும் என்று அங்கேயே நினைத்தேன். நீயும்தான், கோமு. நாற்பது வருஷமாக நீ வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும்.

செய்யவேண்டியது இது. ஸ்கூலோடு சண்டைக்குப் போகாதே, உன் மகனையும் அனுப்பாதே. ஃபோனில் தம்பூரா போட்டு ஐந்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே வா. மூன்றோ இரண்டோ, எங்கே அவள் கழுத்து நரம்பு புடைக்காமல் 'ஸா'வில் நிற்கிறாளோ, அங்கே நிறுத்து. அந்தச் சுருதியில் அவளுக்குப் பிடித்த பாட்டு எதையாவது, சினிமாப் பாட்டானாலும் சரி, பாடவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. முதல் தடவை பிசிறடிக்கும், திருத்தாதே. நீயும் கூடச் சேர்ந்து பாடு, ஆனால் பாட்டு வாத்தியார் முகத்தை வைத்துக்கொள்ளாதே, குழந்தை பயந்துவிடும்.

கருவடாம் அனுப்பவேண்டாம், இங்கே மழையில் பூசணம் பூத்துவிடுகிறது. பருப்புப் பொடி அனுப்பு.

உன்,
ராஜி