மாடி கேரம் அறைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

நம்ம தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாடி அறையில் போர்டு போட்டு ஆட்டம் தொடங்கியாகிவிட்டது. நன்றியை மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் போய்ச் சேராது, அதனால் ஒவ்வொருவராகச் சொல்கிறோம்.

தையல்கடை அண்ணன், வாடகைக்கு விட்டிருக்கக்கூடிய அறையின் சாவியைக் கொடுத்து, "கரன்ட் பில் மட்டும் கட்டிடுங்க" என்றார். எலக்ட்ரீஷியன் தம்பி ஒவ்வொரு போர்டுக்கும் நேர் மேலே விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டார். காயின்மேல் நிழல் விழுந்தால் குறி தப்பும் என்று அவருக்குத் தெரியும், அவரும் ஆடுகிறவர்தானே. துறைமுக வேலையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள், ரெட் (சிவப்புக் காயின்) போட்டால் அடுத்து ஃபாலோவாகத் தன் காயின் ஒன்றையும் போட வேண்டும் என்பதில் தொடங்கி, தோற்றால் காயினைக் கலைத்துவிட்டு எழக்கூடாது என்பதுவரை சொல்லித்தருகிறார்கள். (பவுடரை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொட்டலாம் ஐயா, அறையே வெள்ளை.)

பெரிய நன்றி அம்மாக்களுக்கு. வட சென்னையில் கேரம் கிளப்புக்குப் பஞ்சமில்லை. சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியனானதையும் 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியதையும் கேட்டே வளர்ந்தோம். ஆனால் தெருமுனை கிளப்பில் பெண் பிள்ளைகள் எட்டிப் பார்க்கவும் முடியாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில், வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றபிறகு, "பொண்ணுக்கு எதுக்கு கேரம்" என்ற பேச்சு குறைந்தது. நின்றுவிடவில்லை. அம்மாக்கள்தான் அதற்கு வழி கண்டார்கள்: சாயங்காலம் ஐந்து முதல் ஏழுவரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும், தினம் ஒரு அம்மா காவல். இப்போது அறை நிரம்பி வழிவது அந்த நேரத்தில்தான்.

"தெருவுல சாக்கடை நிக்குது, கேரம் கேக்குதா?" என்றவர்களே, கேள்வி நியாயம்தான். சாக்கடைக்கு மனு எழுதுவதும் இதே கூட்டம்தான். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுக்கும் தெருவில் பிள்ளை எங்கே விளையாடும்? விளையாட்டும் கலையும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-இலேயே ஏற்றுக்கொண்டது.

அப்புறம், எதிர்வீட்டு அம்மா. இரவு ஒன்பதுக்குப் பூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு எங்கள் கூச்சலைப் பொறுத்துக்கொள்கிறார். ஞாயிறு காலையில் பறை வகுப்பு நடத்த இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மாடி அறைப் பிள்ளைகள் சார்பில்