டோக்கியோவிலிருந்து தங்கச்சிக்கு

கட்சுஷிகா,
டோக்கியோ.

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? பேசும்போதெல்லாம் "அங்கே என்ன படம் பார்க்கிற, நாங்க பார்க்கிற மாதிரி நல்லதா ரெண்டு சொல்லேன்" என்று கேட்கிறாய். அம்மாவின் மாத்திரை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அனுப்பிய பணம் வந்ததா என்று பேசுவதற்குள் போனை வைக்கும் நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் தியேட்டரைப் பற்றிச் சொல்கிறேன். டிக்கெட் 2,000 யென், நம் பணத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாதத்தின் முதல் தேதியில் பல தியேட்டர்களில் விலை குறைவு. அன்று எனக்கு விடுமுறை அமைந்தால் போய்விடுவேன். உள்ளே யாரும் பேசுவதில்லை, போனைத் தொடுவதில்லை. படம் முடிந்ததும் யாரும் வாசலுக்கு ஓடுவதில்லை. கடைசிப் பெயர் வரை திரையில் ஓடி முடிந்து, விளக்கு எரிந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் எழுந்திருக்கிறார்கள். விளக்குப் பிடித்தவர், உடை தைத்தவர் எல்லோருடைய பெயரையும் உட்கார்ந்து பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உழைத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. சிரிப்பையும் அழுகையையும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வதுதான் எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் இங்கே நான் அதிகம் படம் பார்ப்பது தியேட்டரில் இல்லை, வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் கூடத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா பாட்டிகளை நாற்காலியோடு தள்ளிவந்து டிவி முன்னால் உட்காரவைப்போம். என்ன படம் வேண்டும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது தோரா-சான்.

நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். 1969இல் தொடங்கி 1995 வரை 48 படங்கள், எல்லாவற்றிலும் அதே ஆள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாக்களில் பொருள் விற்கிறவன். அந்த வேடத்தில் கியோஷி அட்சுமி, இயக்கியது பெரும்பாலும் யோஜி யமடா. ஒவ்வொரு படத்திலும் ஊருக்கு வருவான், வீட்டில் சண்டை போடுவான், ஒரு பெண்ணை மனதுக்குள் விரும்புவான், அது நடக்காது, மறுபடி கிளம்பிவிடுவான். கதை இவ்வளவுதான். நமக்குப் பொங்கலும் தீபாவளியும் போல இவர்களுக்குப் புத்தாண்டும், ஆகஸ்டில் முன்னோர்களை வணங்கும் ஓபோன் நாட்களும். ஏறக்குறைய இருபது வருடம் அந்த இரண்டு பருவத்துக்கும் ஒரு தோரா-சான் படம் வந்திருக்கிறது. ஊருக்குப் போக முடியாதவர்கள் கூட அவன் ஊருக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள்.

அவனுக்கு ஒரு தங்கை, சகுரா. அப்பா ஒருவர், அம்மா வேறு. முதல் படத்தில் இருபது வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான். வந்ததும் தங்கைக்குப் பார்த்த ஒரு நல்ல இடத்துக்குத் துணைக்குப் போய், குடித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசி, அந்தச் சம்பந்தத்தையே கெடுத்துவிடுகிறான். கடைசியில் அவள் பக்கத்து அச்சகத்தில் வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறாள். மனதுக்குப் பிடித்தவன் அவன்தான், அதை அவளே சொல்கிறாள். கல்யாணத்தில் இந்த அண்ணன் அழுகிற அழுகையைப் பார்க்க வேண்டும், தங்கச்சி. எங்கள் கூடத்தில் அந்த இடம் வரும்போது தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையை எடுத்துவிடுவார். நானும்தான்.

சகுராவாக நடித்த சியெகோ பைஷோவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 1969இல் இளம்பெண்ணாக ஆரம்பித்தவர், அட்சுமி 1996இல் இறந்த பிறகும், 2019இல் வந்த ஐம்பதாவது படத்தில் அதே சகுராவாகப் பாட்டி வயதில் வருகிறார். அண்ணன் திரிகிறான், அவள் குடும்பத்தைத் தாங்குகிறாள். அவன் கிளம்பும்போது வழியனுப்புகிறாள், திட்டுகிறாள், காசு கொடுக்கிறாள். அவள் வீட்டில் இருப்பதால்தான் அவனால் ஊர் சுற்ற முடிகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் நினைவுதான். நீ அம்மாவைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் இங்கே யாரோ ஒரு அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்க முடிகிறது. இதை உன்னிடம் நேராகச் சொன்னதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவர்கள் ஊராகக் காட்டும் ஷிபமதா என் அறையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ரயில் நிலைய வாசலில் தோராவின் சிலை, கிளம்பியவன் திரும்பிப் பார்ப்பது போல. வெகுகாலம் அவன் தனியாகத்தான் நின்றான். 2017இல் எதிரே சகுராவுக்கும் சிலை வைத்தார்கள். வைத்தது ரொம்பச் சரி.

அப்புறம்தான் கவனித்தேன், உலகம் முழுக்கக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த படங்களில் எத்தனை உடன்பிறப்புக் கதைகள்! இங்கே 2020இல் வந்த ‘டீமன் ஸ்லேயர்’ ரயில் படம் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தின் சாதனையையே தாண்டியது. அரக்கியாக மாறிவிட்ட தங்கையை மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்து திரியும் அண்ணன் கதை. சண்டைகள் எனக்கு நீளம். ஆனால் செத்துப்போன குடும்பம் உயிரோடு இருப்பதாகக் கனவு கண்டு, அது கனவு என்று தெரிந்ததும் அவர்களை விட்டுவிட்டு ஓடிவரும் இடம் இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். பிறகு வந்த ஒரு பாகம் தமிழ் பேசி நம் தியேட்டர்களுக்கே வந்தது.

கொரியாவின் ‘தேகுக்கி’யும் அப்படித்தான். 2004இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த போர்ப் படம். தம்பியை வீட்டுக்கு அனுப்பப் பதக்கம் வாங்க வேண்டும் என்று அண்ணன் ஒவ்வொரு சண்டையிலும் முன்னால் பாய்கிறான். அழுகை அதிகம் என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அமெரிக்காவின் ‘ஃப்ரோசன்’ பாட்டுக்காக ஓடிய படம் என்றாலும், உறைந்துபோகும் தங்கையைக் காப்பாற்றுவது ராஜகுமாரனின் முத்தம் இல்லை, அக்காவுக்காக அவளே செய்யும் தியாகம் என்று முடித்தார்களே, அதற்கு என் வணக்கம்.

ஈரானின் ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தைக் கட்டாயம் பார். மஜீத் மஜீதி 1997இல் எடுத்தது. தங்கையின் செருப்பை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் வறுமை, அப்பாவிடம் சொல்ல முடியாது. ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஓட்டப் பந்தயத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு இடம். தொலைந்த செருப்பை வேறொரு சிறுமி போட்டிருப்பதைத் தங்கை பார்த்துவிடுகிறாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசல் வரை போகிறாள். அந்தச் சிறுமியின் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. இருவரும் எதுவும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். ‘அக்கா குருவி’ என்று தமிழிலும் எடுத்தார்கள், ஆனாலும் நீ மூலத்தைப் பார்.

‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ என்று ஒரு கார்ட்டூன் படம் உண்டு, 1988இல் தகஹாதா எடுத்தது. போர்க்காலத்தில் அநாதையாகும் அண்ணனும் சின்னத் தங்கையும். கதையை எழுதிய நோசகா தன் தங்கையை உண்மையிலேயே பட்டினியில் இழந்தவர். மகத்தான படம், ஆனால் பிள்ளைகளோடு பார்க்காதே. எங்கள் இல்லத்திலும் அதைப் போடுவதில்லை. 1945 மார்ச் 10ஆம் தேதி இரவு குண்டு விழுந்து இந்தக் கிழக்கு டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்தபோது சிறுமியாக இருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது படம் இல்லை. 1988இல் அந்தப் படம் வெளியான அதே நாளில், அதனோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் வெளியானது ‘மை நெய்பர் டோட்டோரோ’. ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்காகக் காத்திருக்கும் அக்கா தங்கை கதை. மருமகளுக்கு அதைப் போட்டுக் காட்டு. மனதில் நிற்கும்.

என்னோடு வேலை செய்யும் ஐம்பது வயது அம்மா ஒருவர், நான் தமிழ்நாடு என்று சொன்னதுமே ரஜினி பெயரைச் சொன்னார். 1998இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரே தியேட்டரில் 23 வாரம் ஓடிய ‘முத்து’வைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். பெருமையாக இருந்தது. ஆனால் நான் அவருக்குக் காட்ட நினைக்கும் ரஜினி ‘முள்ளும் மலரும்’ காளி. 1978 படம், இன்றும் அதற்கு ஈடு இல்லை. தங்கை வள்ளிக்கு யாரைக் கட்டுவது என்பதில் அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறான். அவளோ விரும்பியவனோடு கிளம்பியும், அண்ணனைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அதன் பிறகுதான் அவனாகவே அவளை ஒப்படைக்கிறான். மகேந்திரன் அந்தக் காட்சியில் யாரையும் தோற்கவிடவில்லை. ‘பாசமலர்’ நமக்கெல்லாம் கோயில் மாதிரிதான், சிவாஜி, சாவித்திரி நடிப்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அண்ணனோடு தங்கையும் சாக வேண்டும் என்ற அந்த முடிவை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. வள்ளி, சகுரா, அந்த ஈரானியச் சிறுமி எல்லோரும் தாங்களாக ஒரு முடிவெடுக்கிறார்கள். எனக்கு அந்தப் படங்கள்தான் உயர்ந்தவை.

இனி வீட்டு விஷயம். புத்தாண்டில் இங்கே ஆள் பற்றாக்குறை, அதனால் பொங்கலுக்கு வர முடியாது. சின்னவனின் காதுகுத்தைச் சித்திரையில் வை. மாமன் மடியில்தான் உட்காரவேண்டும், வேறு யாரையும் உட்காரவிடாதே. ஏப்ரல் கடைசியில் இங்கே எல்லோரும் விடுமுறை கேட்பார்கள், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். நாள் குறித்ததும் உடனே சொல். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்